வேப்பங்கட்டைப் பேனா

அன்னூரில் பத்திர ஆபீஸ் வாசலில் வைத்துத்தான் அண்ணன் அந்தப் பேனாவை என்னிடம் கொடுத்தார். எங்கள் தோட்டத்து வேப்பமரக் கிளையில் செய்தது. மோட்டார் உதிரிபாகம் கடையும் தன் பட்டறையில், தானே லேத்தில் போட்டுக் கடைந்து, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, மூடியில் என் பெயரையும் பொறித்திருந்தார்.

"அப்பா நெனப்பா உங்கிட்ட இருக்கட்டும் அம்மணி" என்றார்.

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தோட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித்தர வந்திருந்தேன். எங்கள் பக்கம் பெண்கள் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள். பதிலுக்குச் சேலையோ வளையலோ கிடைக்கும். எனக்குப் பேனா. அண்ணன் என்னைக் கேட்டதே முந்தின வாரம்தான். "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போய்விட்டேன்.

உள்ளே, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வெளியே வந்ததும், ஏதாவது பேச வேண்டுமே என்று, "கட்டை எங்கயும் வெடிக்கவே இல்லீங்களேண்ணா" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பச்சைக் கட்டையில கடைஞ்சா வெடிச்சுப்போயிரும் கண்ணு. உனக்குன்னே போன வருசம் அறுத்து, நெழல்ல காயப்போட்டு வெச்சிருந்தேன்."

போன வருடம் அப்பா தினமும் அந்த மரத்தடியில்தான் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். திடமாகத்தான் இருந்தார்.