மாப்பிள்ளையின் முறைப்பு

துணிக்கடை முதலாளிக்குத் தங்கை புருஷன்மேல் ஒரே குறை: மனுஷன் சிரிப்பதில்லை. பல வருஷமாகச் சட்டைத்துணிப் பகுதியில் நின்று கலகலவென்று விற்றவர், கொஞ்ச காலமாக வெள்ளையடித்த சுவர் மாதிரி நிற்கிறார். கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை. விரித்த துணியை மடிக்க ஒரு யுகம்.

"கடை என் பேர்ல இருக்குன்னு உன் வீட்டுக்காரருக்குக் கடுப்பு. திமிரும்மா, வேறென்ன?" என்று தங்கையிடம் தீர்ப்பு எழுதினார். அண்ணன் தீர்ப்பில் தவறியதே கிடையாது, யோசிக்கிற பழக்கம் இருந்தால்தானே தவறுவதற்கு.

அவளும் நம்பினாள். குழம்பு அடிப்பிடித்த வாசனை தெரியாமல் புருஷன் சாப்பிட்டதை அலட்சியம் என்றாள். தூக்கத்தில் கத்தி உதைத்ததற்குக் கோபித்துத் தனியறைக்குப் போனாள். மூன்று வேளையும் தட்டை டொக்கென்று வைத்தாள்.

அண்ணன் வைத்தியமும் கண்டுபிடித்தார். கல்லாவுக்கு எதிரே ஒரு கண்ணாடியை மாட்டி, "தினமும் கடை திறந்ததும் இதப் பாத்துச் சிரிச்சுப் பழகுங்க, மாப்ள," என்றார். வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த புருஷன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் சிரிச்சேன். கண்ணாடியில சிரிக்கல."

மறுநாளே அவள் அவரை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் அவரை நடக்கவிட்டார். வலது கை வீசியது, இடது கை சட்டையில் தைத்த மாதிரி தொங்கியது. விரலைத் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட வீச்சு குறுகியது. ஒரு வரி எழுதச் சொன்னார். போகப் போக எழுத்து எறும்பாகிவிட்டது.

"பார்க்கின்சன் நோய்ங்க."

"கை நடுங்கலையே டாக்டர்?"

"எல்லாருக்கும் நடுங்கணும்னு இல்லம்மா. மூளையில, அசைவுக்கு வேண்டிய டோபமைன் சுரக்கிற செல்லுங்க அழிஞ்சுட்டு வருது. முகம் இறுகும், வேகம் குறையும். வாசனை போறது, தூக்கத்துல உதைக்கிறதெல்லாம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்."

"எதனால?"

"வயசு, மரபணு, சில பூச்சிமருந்துன்னு பல காரணம் சொல்றாங்க. இவருக்கு எதனாலன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரை கைகாலை எளிதாக்கும், நோயை நிறுத்தாது. மெதுவாத்தான் கூடும், ஆளுக்கு ஆள் மாறும். வேலையை விட்டுட வேண்டாம்."

மறுநாள் புருஷனோடு கடைக்கு வந்து அவள் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "ரத்தம் எடுக்காம, நடக்கவிட்டே கண்டுபிடிச்சாராமா? நல்ல பொழப்பு! சரி, நெஜம்னே வச்சுக்க. அவங்க அப்பா வழியில இருந்திருக்கும், மறைச்சுக் கல்யாணம் பண்ணிட்டாங்க. இனிமே மாப்ள குடோன்ல உக்காரட்டும். வர்றவங்க பயந்துடுவாங்க."

அவள் வாயைத் திறக்குமுன் புருஷன் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"வர்றவங்க துணி பாக்க வர்றாங்க மச்சான். என் பல்லைப் பாக்க இல்ல. குடோனுக்குப் போகமாட்டேன்."

"ஊர் என்ன சொல்லும்னு..."

"ஊர் ஒண்ணும் சொல்லலண்ணே, நீங்கதான் சொன்னீங்க," என்றாள் தங்கை. "திமிர்னீங்க, கண்ணாடி மாட்டுனீங்க. நானும் கேட்டுக்கிட்டு ஆடுனேன். போதும்."

வேலையாட்கள் எதிரே அண்ணனுக்கு முகம் சுருங்கியது. "சரி, கொஞ்ச நாள் பாப்போம்," என்றார், வள்ளல் தோரணையில்.

வாடிக்கைக்காரர் ஒருவர் கோடுபோட்ட துணி கேட்டார். மாப்பிள்ளை எடுத்து விரித்தார். பிடிக்கவில்லை என்றதும் மடிக்கத் தொடங்கினார். ஒரு மடிப்பு, இன்னொன்று. அண்ணன் பொறுக்காமல் கை நீட்டினார்.

"கையை எடுங்கண்ணே. அவர் மடிப்பார்."