சூசை தளர்த்திய கயிறு

கைபேசி ஒலித்தது. அடுப்படிப் பக்கம் போய்த் தேடினேன். அது எனக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தது. வலது காது போனதிலிருந்து எனக்கு எந்தச் சத்தத்துக்கும் திசை தெரிவதில்லை. டாக்டர் தங்கபுஷ்பம் தூக்கத்திலேயே போய்விட்டாராம். “அண்ணாச்சிக்கு மொதல்ல சொல்லுன்னு அம்மா சொல்லி வச்சிருந்தாங்க” என்றார் அவருடைய மகள்.

டாக்டரை அறிந்தவர்களுக்கு அவர் கோபமும் தெரிந்திருக்கும். “மூளை ஒருதடவ செஞ்சு வச்ச சாமான் இல்ல, தெனமும் தன்னையே திருத்திக்கிட்டு இருக்கு” என்பார். எழுபதுகளில் இதைச் சொன்னபோது பெரிய மருத்துவர்களே சிரித்தார்கள். அப்போது தூத்துக்குடியில் அவருடைய ஆய்வறையில் காது சோதிக்கும் கருவியை இயக்கியவன் நான். எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தான்.

சங்கு குளிக்கும் ராயப்பனை அவன் மனைவி எங்களிடம் அழைத்து வந்தாள். ஆழத்தின் அழுத்தத்தில் அவனுக்கு இடது காது அடியோடு போயிருந்தது. மூச்சு வாங்க மேலே வந்தால் விசைப்படகு எந்தப் பக்கம் வருகிறதென்று தெரியாது. ஒருமுறை படகை நோக்கியே நீந்தியிருக்கிறான். “இவரு கடலுக்குப் போவாம இருக்க மாட்டாரு. திசை திரும்ப வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்கம்மா. சீசன் நெருங்கிட்டு” என்றாள்.

டாக்டர் அதை முதலில் தன்மீதே சோதித்துப் பார்த்தார். தன் இடது காதை மெழுகால் அடைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்கத் தொடங்கினார். உப்பு லாரிகள் ஓடும் சாலையில் அவருக்கு இடப்பக்கமாக நான் நடப்பேன். ஹாரன் அடித்தால் அவர் எதிர்ப்பக்கம் பார்ப்பார்; எனக்கு உயிர் போய் உயிர் வரும். பல நாள் கழித்து ஒரு காலையில் எனக்கு முன்பே அவர் ஒதுங்கினார். “பாத்தியளா அண்ணாச்சி, வருது!” என்று நடுச்சாலையில் கத்தினார்.

அடுத்து ராயப்பன். கடற்கரையில் அவன் கண்ணைக் கட்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று தேங்காய்ச் சிரட்டை தட்டினோம். சத்தம் வந்த திசையை அவன் கைகாட்ட வேண்டும். எல்லாம் தப்பு. சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் எல்லாம் சரியாக வந்தது. டாக்டர் பூரித்துப்போய் அருகில் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

குளிப்பவனின் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும். தங்கை தாலியை அவன் காப்பான் என்பது அங்கே நம்பிக்கை. அந்தப் பழக்கத்தில் மச்சான் சூசை மணலிலும் ராயப்பன் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்திருந்தான். சத்தம் வரும் பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டும் இருந்தான்.

“ஏலே சூசை, காப்பாத்துதேன்னு சொல்லி அவனக் கொல்லுதியே! தப்பு பண்ண விடுலே. தப்பு பண்ணாத்தான் மூளை படிக்கும்!”

சூசை அழுதுவிட்டான். “எந்தங்கச்சி மொகத்துல நான் முழிக்கணும்லா, டாக்டரம்மா.”

சீசனுக்கு முன் ராயப்பனைச் சோதித்துப் பார்க்க வள்ளத்தில் கடலுக்குப் போனோம். தள்ளியே போகச் சொல்லிவைத்திருந்த விசைப்படகு அவனுடைய கேளாத காதுப் பக்கம் வந்தது. மேலே வந்தவன் எதிர்ப்பக்கம் திரும்பினான்.  சூசை அப்போதும் கயிற்றைத் தளர்வாகவே விட்டிருந்தான். என் கையில் இருந்திருந்தால் இழுத்திருப்பேன். ராயப்பன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு படகு வரும் பக்கம் சரியாகக் கைகாட்டிவிட்டு எங்களை நோக்கி நீந்தினான். டாக்டர் குனிந்து வாந்தி எடுத்தார். கடல் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பிறகு சமாளித்தார்.

இறுதி ஊர்வலத்தில் வண்டிக்கு இடப்பக்கமாகவே நடந்தேன். கால் தானாக அங்கே போயிற்று. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது, தப்பாகக் கைகாட்டும் துணிச்சல்தான். காலையில் கண்ணை மூடி உட்காருகிறேன். மனைவி எங்கிருந்தோ சாவிக்கொத்தை ஆட்டுகிறாள்; நான் கைகாட்டுகிறேன். “தப்பு” என்கிறாள். மறுபடியும் “தப்பு.” நேற்று பாவம் பார்த்து “சரிதான்” என்றாள். குரல் நான் காட்டாத பக்கமிருந்து வந்தது போலிருந்தது.

“ஏளா, கயித்த இழுக்காத” என்றேன். “இன்னொருதடவ ஆட்டு.”