டயரில் அச்சிட்டிருந்த எண்ணை நம்பினேன்

ஓய்வு பெற்றபின், அமெரிக்காவில் மில்பிடாஸ் நகரில் எங்கள் வீட்டு கராஜில் நானே ஒரு ஹாட் ராட் கட்டினேன். பழைய காரின் உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, வேண்டாததையெல்லாம் கழற்றிய லேசான வண்டி அது. போல்ட்டுகளைக்கூட எண்ணி முடுக்கிய நான், டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் 44 பி.எஸ்.ஐ. என்று இருந்ததைப் பார்த்து, நான்கிலும் அந்த அளவுக்கே காற்றடித்தேன். அது டயர் தாங்கும் உச்ச அளவு என்பதை யோசிக்கவில்லை.

புது வண்டிக்குப் பூஜை முடிந்து மனைவியுடன் கிளம்பியபோது தூறல். சிக்னலில் பிரேக்கை அழுத்தினேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய், முன்னாலிருந்த வேனுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

“ஏங்க, போல்ட் எண்ணினது போதும். என்னை உயிரோட வீட்ல டிராப் பண்ணுங்க!” என்றாள்.

கராஜுக்குள் அவள் போட்டிருந்த கோலத்தின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். இறங்கியவள், “டயர் இவ்ளோ அகலம். நடுவுல மட்டும்தானே மாவு ஒட்டியிருக்கு?” என்றாள். காற்று மிகுந்து டயர் நடுவில் உப்பியிருந்தது; ஓரங்கள் தரையைத் தொடவே இல்லை.

விடுவதாக இல்லை நான். எடைமேடையில் முன்பாரம், பின்பாரம் இரண்டையும் தனித்தனியே அறிந்து, காற்றைக் குறைத்தேன். டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு உருட்டி, கோடு முழு அகலத்துக்கும் சமமாக அழியும்வரை திருத்தினேன். என் வண்டிக்கு முன்னால் 24, பின்னால் 26. உங்கள் வண்டியின் எடைக்கு அது வேறாகும்.

இப்போது ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன், டயர் சூடாகாதபோதே அளக்கிறேன். மனைவி கதவைப் பிடித்தபடி, “எவ்ளோ?” என்கிறாள். எண்ணைச் சொன்ன பிறகுதான் ஏறுகிறாள்.