பெரியப்பாவுக்கும் ஒரு பூ

போன வாரம் நாமக்கல்லிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஒரு வேலையாகப் போனேன். என்ன வேலை தெரியுமா? ஒரு இளம்பெண்ணைத் தேர்தலில் நிற்கவிடாமல் தடுக்கும் வேலை!

இளைஞர்கள் அரசியலுக்கு வரவேண்டும் என்று இதே பக்கத்தில் நீட்டி முழக்கியவன்தான் நான். எழுதுவது சுலபம். நிற்பது நண்பரின் மகளாக இருந்தால்தான் கஷ்டம் தெரிகிறது.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கிராமம். நண்பர் தங்கவேலுக்கு அங்கே கொஞ்சம் மேட்டுக் காடு, அதில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வெள்ளாமை. ஒரே மகள் நிவேதா. வயது இருபத்திரண்டு. திருச்செங்கோட்டில் இன்ஜினீயரிங் முடித்தவள், யாரையும் கேட்காமல் ஊராட்சித் தலைவர் பதவிக்கு மனு போட்டுவிட்டாள். எதிர்த்து நிற்பவர் யார்? தங்கவேலின் சொந்த அண்ணன் கந்தசாமி. ஏற்கெனவே மூன்று முறை தலைவராக இருந்தவர்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கிணறு ஒன்றுதான். ஒரு நாள் அவர் முறை, மறுநாள் இவர் முறை.

"மனுவை வாபஸ் வாங்கலீன்னா நாளையிலிருந்து கெணத்துப் பக்கமே வராதேன்னு அண்ணன் சொல்லிப்போட்டாருங்க. கெழங்கு காஞ்சு போயிருமுங்க. நீங்க பத்திரிகையில எழுதறவரு... நீங்க சொன்னா கேப்பாளுங்க" என்றார் தங்கவேல் போனில்.

அன்று மூன்று மணியோடு வாபஸ் வாங்கும் நேரம் முடிகிறது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோதே மதியம் தாண்டிவிட்டது. நிவேதாவை ஏற்றிக்கொண்டு யூனியன் ஆபீசுக்கு ஓடவேண்டுமே... காரை ரோட்டைப் பார்த்தே திருப்பி நிறுத்தினேன்.

மாரியம்மன் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் கந்தசாமி. எதிரில் நிவேதா, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு. பக்கத்தில் தலை குனிந்து தங்கவேல்.

கந்தசாமி கோபப்படவில்லை, சிரித்தபடியே பேசினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நிக்கவே வேண்டாம்னு நான் சொல்லலை சாமி. அடுத்த தடவை நில்லு, நானே உனக்கு ஓட்டுக் கேட்டு வாரேன். ஆபீசருங்ககிட்டப் பேசோணும், காண்ட்ராக்டருங்களச் சமாளிக்கோணும். உனக்கு என்ன அனுபவம் இருக்குது அம்மிணி?"

நியாயமான கேள்விதானே? வரும் வழியெல்லாம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன். பில்லில் கையெழுத்துப் போடச் சொல்லி நாலு பேர் சூழ்ந்து நின்றால் இந்தப் பெண் என்ன செய்வாள்?

"அனுபவம் இல்லீங்க பெரீப்பா" என்றாள். "ஆனா மேலத்தெருக் கொழாய்ல தண்ணி வாரதில்லீங்க. நீங்க தலைவரா இருந்தப்பவும் வரலீங்க."

கூட்டத்தில் சலசலப்பு. கந்தசாமியின் சிரிப்பு போய்விட்டது.

"சரி, நானும் பேசலை, நீயும் பேசாதே. ஆத்தாகிட்டயே கேட்டுப்போடலாம். பூசாரி, பூவக் கட்டுங்க. வெள்ளை வந்தா இவ நிக்கட்டும். செவப்பு வந்தா வாபஸ். ஆத்தா சொல்லிட்டா ஆராயிருந்தாலும் கட்டுப்படோணும்!"

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் எடுப்பதோ, போர்வெல் போடுவதோ... வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டி, அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வந்த பூதான் உத்தரவு. பூசாரி இரண்டு பொட்டலங்களோடு வந்து நின்றார். வாபஸ் வாங்க வைக்க வந்தவன், வெள்ளை வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் லட்சணம் அப்படி.

நிவேதா அம்மனைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள்.

"சரிங்க பெரீப்பா. எந்தப் பூ வந்தாலும் கட்டுப்படறேனுங்க. எனக்குக் கேட்டு முடிச்சதும் உங்களுக்கும் ஒருக்கா கேக்கோணுங்க. செவப்பு வந்தா நீங்களும் வாபஸ் வாங்கிக்கோணும்."

பூசாரி பொட்டலங்களைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே கொண்டு போகவும் இல்லை.

"புள்ள கேக்கறது ஞாயந்தானுங்களே?" என்றது பின்னாலிருந்து ஒரு மேலத்தெருப் பெண்ணின் குரல்.

கந்தசாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "எனக்கு எதுக்குப் பூவு? எனக்குத்தான் ஜனமே மூணு தடவை பூப் போட்டுக் குடுத்திருக்குதே!"

"அப்ப எனக்கும் ஜனமே போடட்டுமுங்க பெரீப்பா."

அவ்வளவுதான். கந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் தம்பியிடம் மட்டும், "கெணத்துப் பக்கம் வந்துராதே" என்றார். தங்கவேல் என் பக்கம் திரும்பி, "காரை நெழல்ல போட்டுக்குங்க. டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றார். பெற்ற மனசு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மணி மூன்று தாண்டிவிட்டது, வாபஸ் நேரமும் முடிந்தது.

இருபத்தொரு வயதுப் பையனை நம்பி போர்வெல் ரிக் வண்டியைக் கொடுத்து அடுத்த மாநிலத்துக்கு அனுப்புகிறோம். அதே வயதுப் பெண்ணைக் கல்யாணம் பண்ணி, முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்புகிறோம். அப்போதெல்லாம் அனுபவச் சான்றிதழ் கேட்டோமா? குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேச வந்தால் மட்டும் எப்படி ஞாபகம் வருகிறது? கந்தசாமிக்கும் முதல் தேர்தல் என்று ஒன்று இருந்திருக்கும்தானே?

கிளம்பும்போது கேட்டேன். "ஏன் கண்ணு, உனக்குச் சிவப்பு வந்திருந்தா?"

"வாபஸ் வாங்கியிருப்பேனுங்க மாமா. ஊர் முன்னால ஒத்துக்கிட்டனுங்களே."

தலைவருக்கு வேறு என்ன தகுதி வேண்டும், எனக்குத் தெரியவில்லை. ஜெயிப்பாளா? அதுவும் தெரியாது. கந்தசாமி வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டாராம். கிணற்றடியில் மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு தொங்குகிறதாம். அன்றிலிருந்து கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் இல்லை.

ஓட்டுப் போடும் நாளுக்குள் ஒரு மழை பெய்தால் தேவலை!