அண்ணியின் பெயரில் அக்காவின் உடம்பு

செமோருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் பெயரை இரவல் கொடுப்பது சீனி இரவல் கொடுப்பது போல. ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தோட்டத்து ஆள். சம்பளம், லயத்து வீடு, மருந்து எல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும். ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட்டால் அவள் பெயரில் அவள் தங்கை போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவாள். கங்காணிக்குத் தெரியும். மரத்தில் கட்டிய மங்கில் பால் விழுந்தால் போதும் என்று அவர் கண்டுகொள்ளமாட்டார். இதை யாரும் பொய் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

என் அக்கா செக்ரோலில் இல்லை. கான்ட்ராக்டரிடம் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் தகரம் கிழித்து அவள் காலில் புண் புரையோடியது. கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கிடையாது. அம்மா பக்கத்து வீட்டு அண்ணியிடம் போய்ப் பெயரைக் கேட்டார். இரத்த உறவு இல்லை. அவர் கணவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம், அதனால் அவர் அண்ணி. அக்காவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அண்ணி மாவு பிசைந்த கையோடு வாசலுக்கு வந்து, "இதுக்கெல்லாம் கேட்டுக்கிட்டா நிப்பாங்க, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கிளினிக்குக்கு வந்து மருந்து கொடுக்கும் டிரெசர் பல தோட்டங்களுக்குப் போகிறவர். அக்காவின் முகமும் கூடப் போன என் முகமும் அவருக்குத் தெரியாது. அண்ணியின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அக்காவுக்குப் பெனிசிலின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அக்காவின் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மாற்று ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார் டிரெசர். அட்டையின் மேல்புறத்தில் சிவப்பு மையால் எழுதினார்: இவருக்குப் பெனிசிலின் ஆகாது. அது அண்ணியின் அட்டை.

அதன் பிறகு அம்மா இறந்தார். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். கிளினிக் அட்டைகளைப் பெட்டிகளில் கட்டி ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். நாங்களும் அண்ணி குடும்பமும் ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமானில், புதிதாகக் கட்டிய குடியிருப்பில், மலிவு வீடுகளில் குடியேறினோம். நான் சட்டை தைக்கும் தொழிற்சாலைக்குப் போனேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தான் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்கா முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த சமயத்தில்தான் ஒலிபெருக்கி கட்டிய வேன் எங்கள் தெருவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வைக்கிறார்கள், எல்லாரும் ஐசி என்ற அடையாள அட்டையோடு பாலாய் ராயா பொது மண்டபத்துக்கு வந்து பதிய வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு போனது வேன். அன்றே தெருவில் கதைகள் கிளம்பிவிட்டன. பொய்ப் பெயரில் மருந்து வாங்கியவர்களின் ஐசியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அண்ணியிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. இந்த நாட்டில் பிறந்தவர்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. குடிமக்களின் நீல ஐசிக்கு மனுப் போட்டுக் காத்திருந்தார். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அவர் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

பதிவு நாளன்று பாலாய் ராயா மண்டபத்தில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றோம். பெரியாஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்த ஒரு தமிழர் மைக்கைப் பிடித்து விளக்கினார். இனிமேல் பேரைத் தேடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, ஐசி நம்பரைச் சொன்னால் போதும், நமக்கு என்ன நோய் வந்தது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது எல்லாம் திரையில் வரும். இப்போதைக்கு இந்த ஆஸ்பத்திரியில் மட்டும். பின்னால் பக்கத்து ஊரான பத்து காஜாவுக்குப் போனாலும் சரி, நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் சரி, நம் உடம்பின் கதை நமக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்றார்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப வீட்டுல பொஞ்சாதி திட்டுனதும் அதுல வருமா அண்ணே?"

"அதுக்கு இந்த மிஷினு பத்தாது மச்சான்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

மேசையில் ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்து எழுத, அட்டெண்டர் பக்கத்தில் நின்று கேட்டுச் சொன்னார். அண்ணி எங்களுக்கு முன்னால் நின்றார். அவருடைய பழைய அட்டை பெட்டியில் கிடைத்துவிட்டது. அட்டெண்டர் அதைத் திருப்பிப் பார்த்து, பெனிசிலின் ஊசி உங்களுக்கு ஆகாதா என்று கேட்டார். அண்ணி எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆமாம் என்றார். என்ன செய்தது என்று கேட்டதற்கும் பதில் சொன்னார், உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது என்று, தனக்கே நடந்தது போல. அட்டெண்டருக்கு மகிழ்ச்சி. இதுக்குத்தான் இந்தத் திட்டம், நாளைக்கு நீங்க மயங்கிக் கெடந்தாலும் இது உங்களக் காப்பாத்தும் என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

அடுத்து அக்கா. பழைய அட்டை இல்லை. ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று கேட்டார். அக்கா, "ஒன்னும் இல்ல" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். பிள்ளை பெறும்போது அந்த ஊசி போட்டால் என்ன ஆகும் என்று அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அது காலில் புண் வந்தால் போடும் ஊசி, நான் பிள்ளை பெறத்தானே போகிறேன் என்றாள். நான் விடவில்லை. பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"அண்ணி மனு உள்ள இருக்குல்ல? இப்பப் போயி நான் அவங்க பேருல மருந்து வாங்குனேன்னு சொன்னா, அவங்களுக்கு எவ்ளோ சூசா, எவ்ளோ தொல்ல? நமக்குப் பேரு குடுத்தவங்களையே மாட்டி விடுவியா நீ?"

அப்படியானால் அண்ணியின் பெயரை எடுக்காமல், உனக்கு அந்த ஊசி ஆகாது என்று ஆஸ்பத்திரியில் வாயால் மட்டும் சொல்லிவிடு என்று கெஞ்சினேன். சரி என்றாள். ஆனால் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு நான் கூடப் போன நாளில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டபோது மறுபடியும் இல்லை என்றே சொன்னாள். வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். மிஷினில் ஒன்று இருக்கும்போது வாயால் வேறொன்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செக்ரோலில் எழுதியிருப்பதற்குத் தகுந்தபடி பேச வேண்டும் என்பதைப் பார்த்துத்தானே நாங்கள் வளர்ந்தோம். கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் நீ வேலைக்கு வரவில்லை என்று இருந்தால், வந்தவளும் வரவில்லைதான்.

அண்ணியிடம் பேசலாம் என்று அவர் வீட்டு வாசல் வரைக்கும் போவேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். என்னடி என்பார். சும்மாதான் அண்ணி என்று சொல்லித் திரும்பிவிடுவேன். தொழிற்சாலையில் காலரை மாற்றித் தைத்துத் திட்டு வாங்கினேன். பஸ்ஸில் ஆஸ்பத்திரியைக் கடக்கும்போதெல்லாம் இறங்கிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். கவுண்டரில் என்ன மலாய் பேசுவது என்று மனதுக்குள் வாக்கியம் கோத்து முடிப்பதற்குள் பஸ் பாலத்தைத் தாண்டிவிடும்.

அக்காவுக்கு நாள் நெருங்குவதற்கு முன்பே தண்ணீர்க்குடம் உடைந்தது. அத்தான் வெளியூரில். டாக்சி பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். வலி வரவில்லை. மறுநாள் மத்தியானம் பார்க்கும் நேரத்தில் போனபோது அக்காவின் உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு தமிழ் மிஸ்ஸி தட்டில் ஊசியோடு வந்தார். காய்ச்சலுக்கு ஊசி எழுதியிருக்கிறார் டாக்டர் என்றார்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "பெனிசிலினா மிஸ்ஸி?"

"அந்த வகதான். ஏன்?"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம். அந்தக் காய்ச்சலிலும் அவள் பிடி வலித்தது.

"அக்காவுக்கு அது ஆகாது" என்றேன்.

மிஸ்ஸி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த தாளும் அதில் இருந்தது. ஒன்னும் போடலயே என்றார். அக்காவையே கேட்டார்.

அக்கா சொன்னாள்: "இவ பயந்தவ மிஸ்ஸி. ஊசியப் பாத்தாலே இப்படித்தான் எதாச்சும் சொல்லுவா."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. அவர் பஞ்சை எடுத்து அக்காவின் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இருக்கு மிஸ்ஸி. வேற பேருல இருக்கு" என்றேன்.

அவர் கை நின்றது. யார் பெயரில் என்று கேட்டார். நான் அண்ணியின் பெயரைச் சொன்னேன், அவர் அப்பா பெயரோடு, முழுசாக. தோட்டம், கிளினிக், கால் புண் எல்லாம் எந்த வரிசையில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மிஸ்ஸி தட்டை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். போலீசைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். டாக்டரோடு திரும்பி வந்தார். வேறு மருந்து எழுதினார்கள். டாக்டர் போன பிறகு மிஸ்ஸி என்னிடம் குனிந்து, "இத நேத்தே சொல்ல வாய் இல்லையா ஒனக்கு?" என்றார். அதோடு சரி.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. காய்ச்சல் இறங்கியது. அக்கா குழந்தையைக் காட்டினாள், ஆனால் என்னோடு பேசவில்லை.

அண்ணியிடம் நானே போய்ச் சொன்னேன். குழந்தை நல்லா இருக்கா என்று முதலில் கேட்டார். பிறகு, "என் பேரச் சொல்லிட்டியா? அப்பா பேரோடயா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டார். அண்ணன் உள்ளேயிருந்து ஏதோ சத்தம் போட்டது கேட்டது. நான் வாசலிலேயே நின்றேன். உட்காரவும் தோன்றவில்லை, வீட்டுக்குப் போகவும் தோன்றவில்லை. அண்ணி வெளியே வந்தபோது சேலை மாற்றியிருந்தார், கையில் பை.

"வா, போலாம். அவங்க கூப்புடுறதுக்கு முந்தி நாமளே போயிருவோம் லா."

ஆஸ்பத்திரிப் பதிவு அறையில் ஒரு மலாய் குமாஸ்தா இருந்தார். என் பள்ளிக்கூட மலாயில் நான்தான் பேச வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். அண்ணியின் பெயரில் ஏறியதைத் தானாக எடுக்க முடியாது, டாக்டர் பரிசோதித்து எழுதித் தந்தால்தான் முடியும், அதுவரை அப்படியே இருக்கட்டும், இருப்பதால் ஆபத்தில்லை என்றார். அக்காவின் பெயரில் ஏற்கனவே சேர்த்துவிட்டார்களாம். அபராதம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அண்ணி என்னை ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: ஐசி மனுவுக்கு இதனால் ஏதாவது ஆகுமா? குமாஸ்தா, இது ஆஸ்பத்திரி, அது வேறு இடம், எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றார். அண்ணி நம்பவில்லை. நாடு முழுக்க ஒரே மிஷின் என்று மண்டபத்தில் சொன்னார்களே என்றார். அதை எப்படி மலாயில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவர் பையைத் திறந்து சிவப்பு ஐசி இருக்கிறதா என்று பார்த்து மூடினார். சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

அவருக்கு நீல ஐசி வந்தது, சில வருடங்கள் கழித்து. நேர்முகத்தில் மலாய் பேசச் சொன்னார்களாம், ஊசியைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். அந்த வருடங்களில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போதெல்லாம் நான் அண்ணி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

குழந்தை பிறந்த சில வாரங்களில், அக்கா அதற்குத் தடுப்பூசி போடப் போன நாளில் என்னையும் கூட வரச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியது அன்றுதான். அங்கே இருந்தவர் வேறு மிஸ்ஸி. தாயின் விவரத்தைப் பார்த்து, ஒவ்வாமை என்று இருக்கிறதே, என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, தானே சொன்னாள்.

"ஊசி போட்டதும் கண்ணு இருட்டிருச்சு மிஸ்ஸி. டிரெசர் என்னைய எழுப்புறதுக்கு அட்டையில இருந்த பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டாரு. எனக்குக் கேட்டுச்சு. வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு பேசாமப் படுத்துக் கெடந்தேன்."

இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. மிஸ்ஸி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். அக்கா சொன்னாள். மிஸ்ஸி எழுதிய பிறகு, அந்தப் பெயரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.