தம்பி போட்ட உரம்

முப்பது வருஷம் பட்டறையில் இரும்பு கடைந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் லேத்துக்காரர். அப்பா விட்டுப்போன செம்மண் நிலத்தைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான். விதையும் உரமும் அண்ணன் வாங்கி அனுப்புவார். ஆனாலும் மக்காச்சோளம் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. இலையெல்லாம் ஊதா பாரித்து நின்றது.

மூன்றாம் வருஷம், தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டுவிட்டார்.

"மூட்டையெல்லாம் எங்கடா போச்சு? யாருக்கு வித்தே?"

தம்பி பாதித் தட்டில் கை கழுவி எழுந்தான். மறுநாள் மனைவியோடு வெளியூர் போனவன், ஐந்து வருஷம் கழித்து ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து செத்துப்போனான். அண்ணன் அவன் முகத்தை மறுபடி பார்த்தது அன்றுதான்.

பட்டறை வேலையிலிருந்து நின்றபின் லேத்துக்காரரே, அதுவரை தரிசாய்க் கிடந்த நிலத்தில் இறங்கினார். தன் கையாலேயே உரம் போட்டார். சோளம் அதே முழங்கால் உயரம். இலை அதே ஊதா. ஒரு பை மண்ணை அள்ளிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்.

அங்கிருந்த அம்மாள் முடிவைப் பார்த்துவிட்டு, "பல வருஷமா நல்லா உரம் போட்டிருக்கீங்களே. மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், அத்தனையும் உள்ளேதான் கிடக்கு. செம்மண்ல இருக்கிற இரும்பு அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு வேருக்கு விடமாட்டேங்குது" என்றார்.

"நான் போட்டது ஒரு வருஷந்தான்..." என்று ஆரம்பித்தவர், மேசையிலிருந்த மண் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

துவரையின் வேர் ஒருவகை அமிலத்தைக் கசியவிடும், அது இரும்பின் பிடியைத் தளர்த்தும், தொழுவுரம் மக்கும்போதும் அப்படிப்பட்ட அமிலங்கள் வரும் என்று அம்மாள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

துவரை விதைத்தார். தழையை மடக்கி உழுது தொழுவுரம் கொட்டினார். மறு வருஷம், மூட்டை உரம் ஒரு பிடிகூடப் போடாமல், சோளம் தலைக்கு மேல் நின்றது. வரிசைக்குள் நுழைந்தால் பட்டப்பகலில், நாலு எட்டு முன்னால் யாரோ குனிந்து உரம் தூவிக்கொண்டே போவதுபோல் இருக்கும். இலையை விலக்கினால் ஆள் இருக்காது.

ஒருநாள் பரிசோதனைத் தாளோடு தம்பி மனைவியிடம் போனார். அவள் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எனக்கெதுக்கு மாமா? அவர் விக்கலைன்னு எனக்குத் தெரியாதா?"

தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பினார்.

கதிரை மட்டும் ஒடித்தெடுக்க ஆள் விட்டார். இப்போது அவர் வயலுக்குள் கால் வைப்பதில்லை. வரப்பில் நின்று, காற்றில்லாத நேரத்தில் அசையும் தட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.