வீட்டு எண் தெரியாத பெரியப்பா

அரசுக் கோப்புகளோடு இருபதாண்டு குப்பை கொட்டிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள் நான். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான் ஒன்பது வயதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செய்த காரியம் இது.

விவேக் நகரில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். பெரியப்பாவுக்குப் பீன்யாவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. விற்ற இயந்திரத்தை வாங்கியவர் ஊருக்கே போய்ப் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும். பிலாய், ரூர்கேலா, கௌஹாத்தி என்று போவார். அங்கே ஆற்றில் என்ன மீன், கல்யாணத்தில் யார் அழுவார்கள், கத்தரிக்காயை எப்படி வெட்டுவார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வருவார். வந்த ஞாயிறே அந்தக் கத்தரிக்காயை அவரே சமைப்பார். வீடு முழுக்க அடுப்படியில் கூடிவிடும். பெரும்பாலும் வாயில் வைக்க முடியாது, கதைக்காகச் சாப்பிடுவோம். பிறகு என் பள்ளி அட்லஸில் அந்த ஊர்மேல் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பது என் உரிமை.

ஒருநாள் கம்பெனி அவரை ஜெர்மனிக்கு மூன்று மாதப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. கடல் தாண்ட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். பெரியம்மா ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார். நான் முன்கூட்டியே ஜெர்மனியில் புள்ளி வைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, அம்மாவும் பெரியம்மாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"ஏன் புட்டி, மனேல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று, பாப்பாவுக்குப் புட்டி, வீட்டுக்கு மனே என்று கன்னடம் கலந்து கேட்டவர், பெரியப்பாவின் பெயரைச் சொல்லி, "இவர் இங்கதான் இருக்காரா?" என்றார்.

பெரியப்பாவைப் பற்றிப் போலீஸே வந்து கேட்கிறது! அட்லஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"அவர் எங்க சார் இங்க இருப்பார்? இந்தச் சிவப்புப் புள்ளி எல்லாம் அவர் போன ஊரு! போன மாசம் இங்க, அதுக்கு முன்னாடி இங்க..."

"அப்போ இங்க எப்பதான் வருவார்?"

"தீபாவளிக்கு வருவார். பொங்கலுக்கு வருவார். என் பர்த்டேக்குக் கண்டிப்பா வருவார்!"

ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, நான் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியப்பா விமானம் ஏறும் நாளில் சொல்லி அசத்தலாம் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பாஸ்போர்ட் வரவில்லை, போலீஸ் அறிக்கையைக் காட்டி மறுத்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மறுபடி விண்ணப்பித்து விசாரணை முடிவதற்குள் கம்பெனி வேறொருவரை அனுப்பிவிடும், அனுப்பியும்விட்டது.

கடிதம் வந்த அன்று பெரியம்மா, "எந்தப் புண்ணியவதி என்னத்தச் சொன்னாளோ! அந்த மாடிவீட்டுக்காரியை இப்பவே போய்க் கேக்குறேன்" என்று புடவை மாற்றப் போனார். வாடிப்போய் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைத் தேற்ற நினைத்தேன். "போலீஸ்கிட்ட உங்களைப் பத்தி எவ்ளோ நல்லா சொன்னேன் தெரியுமா பெரியப்பா!" என்று அவர் காதில் சொல்லி, அட்லஸோடு முழுக்க நடித்தும் காட்டினேன். வெளியூர்க் கதை கேட்கிற அதே ஆவலோடு கேட்டார்.

"சைக்கிளா, ஜீப்பா? பர்த்டேன்னு சொன்னப்ப சிரிச்சாரா?"

பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய், வாசலில் பெரியம்மாவை மறித்தார்.

"யாரையும் கேக்க வேணாம். ஃபார்ம்ல வீட்டு நம்பரை நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"ஊரெல்லாம் சுத்துன மனுஷனுக்குச் சொந்த வீட்டு நம்பர் தெரியலையாம்!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதன்பின் எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமும் இந்தக் கேலி இல்லாமல் நடந்ததில்லை.

போன வருஷம் பெரியப்பா போய்விட்டார். அவருடைய காகிதங்களை ஒழுங்குபடுத்தும் வேலை, வழக்கம்போல, நடைமுறை தெரிந்த என் தலையில் விழுந்தது. அந்தக் கடிதம் கிடைத்தது. வீட்டு எண் தவறாக இருந்தால் 'முகவரியைக் கண்டறிய இயலவில்லை' என்றுதான் வரும். இதில் இருந்தது, 'மேற்படி முகவரியில் தொடர்ந்து வசிப்பதில்லை.'

அந்தக் கேலிக்கு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். ஒவ்வொரு முறையும் அவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். நான் நன்றாகச் சிரிக்கிறேன் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.